அறிவியலும் மதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பேச்சை எடுத்தாலே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ஒன்று மதத்தை மூடத்தனம் என்னும். மற்றொன்று அறிவியலை ஆணவம் என்னும். இரண்டுக்கும் நடுவில் நின்று பூசி மெழுகுவது இந்தப் பக்கத்தின் நோக்கமில்லை. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றை யார் சொன்னாலும் அது சோதனைக்கு வந்தாக வேண்டும். சொன்னது மறைநூலா, நோபல் பரிசு பெற்றவரா என்பது அங்கே எடுபடாது.

அறிவியலும் மதமும் தொன்றுதொட்டே பகையாளிகள்தானே?

அப்படி ஒரு கதை உண்டு. அது அவ்வளவு பழைய கதையும் இல்லை. 1874-இல் ஜான் வில்லியம் டிரேப்பரும் 1896-இல் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட்டும் எழுதிய இரண்டு நூல்கள்தான் அதைப் பரப்பின. ஒயிட், எந்தத் திருச்சபையையும் சாராத கார்னெல் பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களில் ஒருவர். அதற்காக மத குருமார்களிடம் வாங்கிய வசவு அவருடைய எழுத்தில் நன்றாகவே தெரியும்.

அந்தக் காலத்து எழுத்துகளில் உலவிய கட்டுக்கதை ஒன்று இன்னும் பாடப் புத்தகங்களை விட்டுப் போகவில்லை. இடைக்கால ஐரோப்பாவில் எல்லோரும் பூமியைத் தட்டை என்று நம்பினார்களாம். கொலம்பஸ்தான் அதைப் பொய்யாக்கினாராம். உண்மையில் அன்றைய படித்தவர்களுக்குப் பூமி உருண்டை என்பது தெரிந்தே இருந்தது. கொலம்பஸுக்கும் அறிஞர்களுக்கும் இருந்த தகராறு உருண்டை எவ்வளவு பெரியது என்பதைப் பற்றியது. அதில் அறிஞர்கள் சொன்னதே சரி.

இதற்காக மோதலே நடக்கவில்லை என்று சாதிப்பதும் தவறு. நடந்திருக்கிறது, சில இடங்களில் கொடூரமாகவே. ஆனால் ஒவ்வொரு மோதலிலும் யார், எதற்காக, எந்த அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மோதினார்கள் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் கலிலியோ?

இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சூரியனைப் பூமி சுற்றுகிறது என்ற கோப்பர்னிகஸின் நூல் 1543-இல் வெளிவந்தது. அவர் திருச்சபைப் பணியில் இருந்தவர். நூலைப் போப் மூன்றாம் பவுலுக்குத்தான் காணிக்கையாக்கினார். ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் அதற்குத் தடை ஏதும் இல்லை.

1610-இல் கலிலியோ தொலைநோக்கியில் கண்டவற்றை வெளியிட்டார். நிலவில் மலைகள் இருந்தன. வியாழனை நான்கு நிலவுகள் சுற்றிக்கொண்டிருந்தன. சில மாதங்களில் வெள்ளிக்கு வளர்பிறையும் தேய்பிறையும் இருப்பதையும் பார்த்துவிட்டார். ரோமில் இருந்த இயேசு சபை வானியலாளர்கள் தாங்களும் கருவியில் பார்த்து, அவர் கண்டது உண்மைதான் என்று 1611-இல் ஒப்புக்கொண்டார்கள்.

சிக்கல் அடுத்த படியில் வந்தது. வெள்ளியின் பிறைகள், எல்லாம் பூமியையே சுற்றுவதாகச் சொன்ன தாலமியின் பழைய முறையைக் கவிழ்த்தன. ஆனால் மற்றக் கோள்கள் சூரியனையும் சூரியன் பூமியையும் சுற்றுவதாகச் சொன்ன டைகோ பிராகேயின் முறைக்கு அவற்றால் சேதம் இல்லை. பூமி நகர்ந்தால் விண்மீன்களின் இடம் ஆண்டு முழுவதும் சற்றே மாறித் தெரிய வேண்டும். அந்த மாற்றம் அன்றைய கருவிகளுக்கு எட்டவில்லை. பெசல் அதை அளந்து காட்டியது 1838-இல்தான். கலிலியோ தன் முதன்மைச் சான்றாகக் கடல்மட்டம் ஏறி இறங்கும் ஓதங்களை முன்வைத்தார். அந்த வாதம் தவறு.

1615-இல் கர்தினால் பெல்லார்மின் எழுதிய ஒரு கடிதத்தை இன்று படித்தால் வியப்பாக இருக்கும். பூமி நகர்வதற்கு உண்மையான மெய்ப்பு கிடைத்தால், மறைநூலை நாம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்; அப்படிப்பட்ட மெய்ப்பு எதுவும் இதுவரை எனக்குக் காட்டப்படவில்லை என்பது அவர் நிலை. சான்று கேட்டதில் குற்றம் இல்லை. 1616-இல் கோப்பர்னிகஸின் நூலை நிறுத்திவைத்து, அந்தச் சான்றைத் தேடும் வழியையே அடைத்தார்களே, அதுதான் குற்றம்.

1632-இல் கலிலியோ தன் உரையாடல் நூலை வெளியிட்டார். போப் எட்டாம் உர்பானுக்குப் பிடித்தமான வாதத்தை, அந்த நூலில் மந்தபுத்திக்காரராக வரும் பாத்திரத்தின் வாயில் வைத்தார். போப்புக்கு அது பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. 1633 ஜூன் 22 அன்று எழுபதை நெருங்கிய கிழவர் மண்டியிட்டுத் தன் கருத்தைக் கைவிடுவதாக அறிக்கை படித்தார். 1642-இல் இறக்கும்வரை வீட்டுக் காவல். அந்த நூல் தடைப் பட்டியலிலிருந்து நீங்க 1835 ஆயிற்று. திருச்சபை தன் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1992 ஆயிற்று.

கலிலியோ எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்பதற்காக அவரை ஆதரிக்க வேண்டியதில்லை. ஓதங்களைப் பற்றித் தவறாகச் சொல்லவும் அவருக்கு உரிமை இருந்தது.

கடவுள் நம்பிக்கை உள்ளவர் நல்ல விஞ்ஞானியாக இருக்க முடியுமா?

இருந்திருக்கிறார்கள். மரபியலின் அடிப்படை விதிகளைப் பட்டாணிச் செடிகளை வைத்துக் கண்டறிந்து 1866-இல் அச்சில் வெளியிட்ட மெண்டல் ஒரு துறவி; தன் மடத்துத் தோட்டத்திலேயே அந்தச் செடிகளை வளர்த்தவர்.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு அப்துஸ் சலாம், ஸ்டீவன் வெயின்பெர்க் இருவரும். மின்காந்த விசையும் அணுக்கருவில் செயல்படும் மென்விசையும் ஒன்றின் இரு முகங்கள் என்ற கோட்பாட்டை 1967, 1968-இல் தனித்தனியாக வந்தடைந்தவர்கள். சலாம் ஆழ்ந்த இறைப்பற்று உள்ள முஸ்லிம். நோபல் விருந்து உரையிலேயே குர்ஆனை மேற்கோள் காட்டினார். வெயின்பெர்க் வெளிப்படையான நாத்திகர். 1979-இல் ஷெல்டன் கிளாஷோவுடன் சேர்ந்து பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சமன்பாட்டை மட்டும் பார்த்து எது நாத்திகருடையது, எது நம்பிக்கையாளருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இராமானுஜனையும் சொல்லலாம். தன் சூத்திரங்கள் நாமகிரித் தாயாரின் அருள் என்று அவர் கருதினார். அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த கணிதவியலாளர் ஹார்டி நாத்திகர். சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி ஹார்டி கவலைப்படவில்லை. நிறுவல் எங்கே என்று கேட்டார். கருத்து கனவில் வரலாம், கருவறையில் வரலாம். மற்றவர்கள் ஏற்றுக்கொள்வது அதைச் சரிபார்த்த பிறகுதான்.

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு: அமெரிக்க விஞ்ஞானிகளிடம் ஜேம்ஸ் லூபா 1914-இல் எடுத்த கணக்கெடுப்பில், பிரார்த்தனைக்குச் செவிசாய்க்கும் கடவுளை நம்புவதாகச் சுமார் 40 சதவீதத்தினர் சொன்னார்கள். 1996-இல் அதே கேள்வியைக் கேட்டபோதும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் அங்குள்ள தலைசிறந்த விஞ்ஞானிகளின் அமைப்பான தேசிய அறிவியல் அகாதெமியின் உறுப்பினர்களிடம் கேட்டு 1998-இல் வெளியிட்ட முடிவில் அது வெறும் 7 சதவீதம். இதற்கு மேதைமை காரணமா, வளர்ந்த சூழலும் வகுப்பும் காரணமா என்பதை இந்த எண்களிலிருந்து அறிய முடியாது. இரு தரப்பும் இவற்றில் தங்களுக்குப் பிடித்ததை மட்டும் எடுத்து வீசுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

பெருவெடிப்பு என்பது படைப்புக்கான சான்றுதானே?

இந்தக் கேள்விக்கு, அந்தக் கருத்தின் தந்தையே பதில் சொல்லியிருக்கிறார். பேரண்டம் விரிகிறது என்று 1927-இலும், அது ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று 1931-இலும் எழுதிய ஜார்ஜ் லெமெய்த்தர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். தொடக்கம் என்ற சொல்லில் படைப்பு வாடை அடிக்கிறதென்று முகம் சுளித்தவர்கள் அன்று உண்டு. பெருவெடிப்பு என்ற பெயரையே 1949-இல் ஒரு வானொலி உரையில் சூட்டிய ஃபிரெட் ஹாயில், கடைசிவரை அந்தக் கோட்பாட்டை ஏற்கவில்லை.

1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், புதிய வானியல் படைப்புக்குச் சாட்சி சொல்வதைப் போல ஓர் உரை நிகழ்த்தினார். மகிழ்ந்திருக்க வேண்டிய லெமெய்த்தருக்கோ அது சங்கடமாக இருந்தது. தன் கோட்பாடு இறையியலுக்கு வெளியே நிற்பது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இயற்பியல் கோட்பாடு நாளை திருத்தப்படலாம். அதன் மேல் கடவுளைக் கட்டி வைத்தால், கோட்பாடு சரியும்போது கடவுளுக்கும் என்ன ஆகும்? அடுத்த ஆண்டு வானியலாளர்களிடம் பேசியபோது போப் அந்த வாதத்தை மீண்டும் எடுக்கவில்லை.

பரிணாமக் கொள்கையை ஏற்றால் கடவுளைக் கைவிட வேண்டுமா?

வேண்டியதில்லை என்று பலர் வாழ்ந்தே காட்டியிருக்கிறார்கள். டார்வினின் நூலை 1859-இல் வெளிவந்த உடனேயே அமெரிக்காவில் முன்னின்று ஆதரித்த தாவரவியலாளர் ஏசா கிரே பக்தியுள்ள கிறித்தவர். பரிணாமத்தின் ஒளியில்லாமல் உயிரியலில் எதுவும் பொருள்படாது என்று 1973-இல் எழுதிய டோப்ஜான்ஸ்கியும் நம்பிக்கையாளர்தான். போப் இரண்டாம் ஜான் பால் 1996-இல் அதை வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்றார்.

ஆனால் ஒன்றைக் கைவிட்டாக வேண்டும். உயிரினங்கள் இப்போதுள்ள வடிவிலேயே தனித்தனியாகத் தோன்றின என்ற நம்பிக்கை சான்றுகளுக்கு முன் நிற்காது. ஒரே ஒரு சான்று போதும். குரங்கினங்களில் சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்கள் 24 இணை, நமக்கு 23. பொது மூதாதை உண்மை என்றால் ஓர் இணை எங்கே போயிற்று? மனிதரின் இரண்டாம் குரோமோசோமைப் பிரித்துப் படித்தால் விடை கிடைக்கிறது. குரோமோசோம்களின் நுனியில் மட்டும் இருக்க வேண்டிய தொடர், இதில் நடுவிலும் இருக்கிறது, இரண்டு நுனிகள் முகத்தோடு முகம் ஒட்டியதைப் போல. குரோமோசோமுக்கு ஒரு மையப் பகுதிதான் இருக்க வேண்டும்; இதிலோ செயலிழந்த இரண்டாவது மையப் பகுதியின் எச்சமும் தென்படுகிறது. இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டிய தழும்பு அது.

பள்ளிகளில் இந்தச் சண்டை நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 1925-இல் அமெரிக்காவின் டென்னசியில் பரிணாமம் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில், உயிர்களை ஓர் அறிவு திட்டமிட்டு உருவாக்கியது என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' அறிவியல் ஆகாது, மதக் கருத்தின் மறுவடிவம் என்று தீர்ப்பானது.

அறிவியலால் விளக்க முடியாதவை இன்னும் இருக்கின்றனவே! அங்கே கடவுள் இருக்கலாமே?

இந்த வாதம் மதத்துக்கே ஆபத்தானது. கோள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் காலப்போக்கில் ஒழுங்கு குலையும், அப்போது கடவுள் சரிசெய்வார் என்று நியூட்டன் கருதினார். அடிக்கடி சாவி கொடுக்க வேண்டிய கடிகாரத்தைத்தான் கடவுளால் செய்ய முடிந்ததா என்று லைப்னிட்ஸ் 1715-இல் கேலி செய்தார். பின்னர் லாப்லாஸ், வியாழனும் சனியும் காட்டும் பிறழ்ச்சி சுமார் 900 ஆண்டுச் சுழற்சியில் தானாகவே திரும்பிவிடுவதைக் கணக்கிட்டுக் காட்டினார். கடவுளுக்கு ஒதுக்கிய வேலை பறிபோயிற்று.

அறியாமையின் இடுக்குகளில் கடவுளை உட்காரவைத்தால், அறிவு வளர வளர அவர் பின்வாங்கிக்கொண்டே போக வேண்டியதுதான் என்று 1944-இல் நாஜிச் சிறையிலிருந்து எழுதியவர் டீட்ரிஷ் பான்ஹோஃபர். அவர் நாத்திகர் இல்லை, இறையியலாளர்.

அறிவியல் கண்டுபிடிப்புகள் எல்லாம் எங்கள் மறைநூலில் முன்பே இருக்கின்றன என்கிறார்களே?

ஏறக்குறைய எல்லா மதங்களிலும் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: ஏன் எப்போதும் கண்டுபிடித்த பிறகே அந்த வரி கண்ணில் படுகிறது?

நெப்டியூனை எடுத்துக்கொள்ளுங்கள். யுரேனஸ் கணக்குப்படி நகரவில்லை. காணப்படாத இன்னொரு கோள் அதை இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே காகிதத்தில் கணக்குப் போட்டு, எங்கே தேட வேண்டும் என்று பெர்லின் வானாய்வகத்துக்கு எழுதினார். கடிதம் வந்த அன்றிரவே, 1846 செப்டம்பர் 23, யோஹான் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் கோள் இருந்தது. முன்கூட்டிச் சொல்வது என்றால் இதுதான்.

அணுவும் வானூர்தியும் மறைநூலில் இருந்திருந்தால், இன்னும் கண்டுபிடிக்காத ஒன்றை அதிலிருந்து எடுத்து ஆய்வகத்தின் முகவரியோடு எழுதி அனுப்பலாமே. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதால் அறிவியலுக்குப் பெரிய நட்டம் இல்லை. நட்டம் மறைநூலுக்குத்தான், அதன் கவித்துவமும் அறவுரையும் இரண்டாம்பட்சமாகி, அது ஓர் அரைகுறைப் பாடப் புத்தகமாகத் தேய்கிறது.

குவாண்டம் என்ற சொல்லை ஆன்மிகச் சொற்பொழிவுகளில் தூவுவதும் இதே ரகம். அலைச் சார்பு என்ன, அளவீடு என்ன என்று ஒரு வரி கேட்டால் பேச்சு திசைமாறிவிடும்.

பிரார்த்தனை நோயைக் குணமாக்குமா? யாராவது சோதித்திருக்கிறார்களா?

சோதித்திருக்கிறார்கள். ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இவற்றில் பெரியது. அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் இதயத்தில் பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்காகப் பிரார்த்தனை நடந்தது, இரண்டாவதற்காக நடக்கவில்லை, இந்த இரு குழுக்களிலும் இருந்தவர்களுக்குத் தங்களுக்காகப் பிரார்த்திக்கிறார்களா இல்லையா என்பது தெரியாது. மூன்றாவது குழுவுக்காகப் பிரார்த்தனை நடந்தது, நடக்கிறது என்பதும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பிரார்த்தித்தவர்களின் கையில் நோயாளியின் முதற்பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் மட்டுமே இருந்தன.

முப்பது நாளுக்குள் சிக்கல் ஏற்பட்டவர்கள்: பிரார்த்தனை பெற்ற முதல் குழுவில் 52 சதவீதம், பெறாத குழுவில் 51 சதவீதம். வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். தங்களுக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்திருந்த குழுவிலோ 59 சதவீதம். நமக்காகப் பிரார்த்திக்க ஆள் வைக்கும் அளவுக்கா நிலைமை மோசம் என்ற பதற்றம் காரணமாக இருக்கலாம் என்பது ஓர் ஊகம், தற்செயலாகவும் இருக்கலாம்.

கடவுள் ஆய்வகத்துக்குக் கட்டுப்பட்டவர் இல்லை என்று நம்பிக்கையாளர் சொன்னால் அதை மறுக்க என்னிடம் வழியில்லை. ஆனால் அப்படிச் சொன்னவர், பிரார்த்தனையின் பலன் அறிவியல்பூர்வமாக நிரூபணமானது என்று அடுத்த வாரம் பேசக் கூடாது. பிரார்த்திப்பவரின் மனம் அமைதியடைவதும், கூடிப் பிரார்த்திக்கும் சமூகம் நோயாளிக்குத் துணை நிற்பதும் வேறு சங்கதி. அவற்றுக்கு இந்த ஆய்வால் எந்தக் குறையும் இல்லை.

அறிவியலும் ஒருவகை நம்பிக்கைதானே? நாமும் எலெக்ட்ரானைப் பார்த்ததில்லையே?

பார்த்ததில்லை. படித்தவர்கள் சொல்வதை நம்பித்தான் பெரும்பாலான அறிவியலை ஏற்கிறோம். வேறுபாடு, அப்படிச் சொல்பவர் தவறும்போது என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது.

2011 செப்டம்பரில் ஓபெரா ஆய்வுக் குழு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோவுக்குச் சுமார் 730 கிலோமீட்டர் மண்ணுக்கடியில் பாய்ந்த நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள், ஒளியைவிட 60 நானோ நொடி முன்னதாக வந்து சேர்ந்ததாக அவர்களுடைய அளவீடு காட்டியது. உண்மையானால், ஒளியை எதுவும் முந்த முடியாது என்ற ஐன்ஸ்டைனின் அடிமடியிலேயே கை வைத்ததாகும். அவர்கள் அதை மறைக்கவில்லை. தவறு எங்கே என்று கண்டுபிடிக்க உதவுங்கள் என்று உலகத்தையே கேட்டார்கள். சில மாதங்களில் விடை கிடைத்தது: ஓர் ஒளியிழை கம்பி சரியாகச் செருகப்படாமல் தளர்ந்திருந்தது, கடிகாரத்திலும் ஒரு பிழை. 2012-இல் கதை முடிந்தது.

இதைச் சொல்லிவிட்டு அறிவியலுக்குக் கோயில் கட்டவும் வேண்டாம். உளவியலில் முன்பு வெளியான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2015-இல் வெளியிட்ட கணக்கில், முடிவு உறுதிப்பட்டது 36 சதவீதத்தில்தான். கண்டங்கள் நகர்கின்றன என்று வேகெனர் 1912-இல் சொன்னதை ஏற்கப் புவியியலாளர்களுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. விஞ்ஞானிகளும் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவர்கள்தான். அவர்களைத் திருத்துவது அவர்களுடைய நல்ல குணம் என்று நான் நம்பவில்லை. பக்கத்து ஆய்வகத்தில் இருக்கும் போட்டியாளர்தான் திருத்துகிறார்.

'எப்படி' என்பதை அறிவியலுக்கும் 'ஏன்' என்பதை மதத்துக்கும் ஒதுக்கிவிட்டால் சண்டை தீர்ந்துவிடாதா?

உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1997-இல் ஏறத்தாழ இதைத்தான் சொன்னார்: உண்மைகள் அறிவியலின் எல்லை, அறமும் வாழ்வின் அர்த்தமும் மதத்தின் எல்லை, ஒன்று மற்றொன்றில் கால் வைக்க வேண்டாம். கேட்க நாகரிகமாக இருக்கிறது. நடைமுறையில் இந்த வேலி நிற்பதில்லை என்பதே என் எண்ணம்.

மதங்கள் உண்மைகளைப் பற்றியும் பேசுகின்றன. இறந்தவர் உயிர்த்தெழுந்தார், ஆன்மா மறுபிறவி எடுக்கிறது, உலகம் இன்ன முறையில் தோன்றியது என்பவை உலகத்தைப் பற்றிய கூற்றுகள். இவற்றையெல்லாம் உருவகம் என்று ஒதுக்கிவிடச் சொன்னால், பெரும்பாலான நம்பிக்கையாளர்கள் தங்கள் மதத்தையே பறித்துவிட்டதாக உணர்வார்கள். மறுபக்கம், அறத்தை மதத்துக்கு மட்டும் ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்? தத்துவம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, மதமே இல்லாமல் நேர்மையாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

தலாய் லாமா 2005-இல் எழுதியது எனக்கு இதைவிட நேர்மையாகப் படுகிறது. பௌத்த நம்பிக்கை ஒன்றை அறிவியல் தவறென்று உறுதியாகக் காட்டினால், மாற வேண்டியது பௌத்தம்தான் என்றார். வேலி போடுவதைவிட இப்படிச் சொல்வதற்கு அதிகத் துணிச்சல் வேண்டும்.

அறத்துக்கு அறிவியல் மட்டும் போதாதா?

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இனமேம்பாட்டியல் என்ற ஒன்று, யார் பிள்ளை பெறலாம் என்பதைக் கட்டுப்படுத்தி மனித இனத்தை உயர்த்தலாம் என்ற கொள்கை, அறிவியலின் பெயரால் பல்கலைக்கழகங்களிலும் பாடநூல்களிலும் கோலோச்சியது. தகுதியற்றவர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களைக் கட்டாயக் கருத்தடைக்கு உட்படுத்துவது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927-இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மறுத்த அந்த ஒருவர் பியர்ஸ் பட்லர், கத்தோலிக்கர். 1930-இல் போப் பதினொன்றாம் பயஸ் கட்டாயக் கருத்தடையைக் கண்டித்தார். அமெரிக்காவில் மட்டும் 60,000 பேருக்கு மேல் இப்படிக் கருத்தடைக்கு ஆளானார்கள்.

மதம் ஜெயித்தது என்று இதற்குத் தலைப்புப் போட்டுவிடாதீர்கள். அதே காலத்தில், இனமேம்பாட்டை ஆதரித்து மேடையில் முழங்கிய சீர்திருத்தத் திருச்சபைப் போதகர்களும் இருந்தார்கள். அதற்குப் பரிசு வைத்துப் பிரசங்கப் போட்டியே நடந்தது. கூடவே, அந்த அறிவியலே ஓட்டை என்று எடுத்துக்காட்டியவர்களில் மரபியலாளர்களும் உண்டு.

ஓர் ஊசி வலிக்குமா என்று அறிவியல் சொல்லும். விருப்பமில்லாதவருக்கு அதைப் போடலாமா என்பதை அளந்து காட்டும் கருவி இல்லை. அந்த விவாதத்தில் மதத்துக்கும் ஓர் இருக்கை உண்டு. தலைமை நாற்காலி யாருக்கும் இல்லை.

நோய்த் தடுப்பு போன்றவற்றில் மதம் எப்போதும் முட்டுக்கட்டைதானா?

1721-இல் பாஸ்டன் நகரில் பெரியம்மை பரவியபோது நடந்தது தலைகீழ். அம்மைப் பாலை நல்ல உடம்பில் சிறிதளவு ஏற்றித் தடுக்கும் முறையை ஒனெசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமையிடமிருந்து தெரிந்துகொண்டு, அதற்காக ஊரையே பகைத்துக்கொண்டவர் காட்டன் மாதர் என்ற போதகர். கடுமையாக எதிர்த்தவர், அந்த ஊரில் மருத்துவப் பட்டம் பெற்றிருந்த ஒரே மருத்துவர் வில்லியம் டக்ளஸ். மாதரின் வீட்டுக்குள் வெடிகுண்டு எறியப்பட்டது, நல்லவேளையாக வெடிக்கவில்லை. இயற்கையாக அம்மை கண்டவர்களில் ஏறக்குறைய 14 சதவீதம் பேர் இறந்தார்கள். பாய்ல்ஸ்டன் என்ற மருத்துவர் துணிந்து அம்மைப் பால் ஏற்றிய சுமார் 240 பேரில் இறந்தவர்கள் ஆறு பேர்.

இதே மாதர்தான் 1692-இல் அமெரிக்காவின் சேலம் நகரில் சூனியக்காரிகள் என்று பலரைத் தூக்கிலிட்ட விசாரணைகளுக்குப் பரிந்து எழுதியவர். மனிதர்கள் கட்சிக்குள் அடங்குவதில்லை.

நம் காலத்துக்கு வந்தால், 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா. இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டித் தொட்டு வழியனுப்பும் சடங்கில் நோய் தொற்றியது. பாதுகாப்பு உடை அணிந்தவர்கள் வந்து உடலைப் பையில் போட்டுத் தூக்கிச் சென்றபோது, குடும்பங்கள் பிணத்தை ஒளித்துவைக்கத் தொடங்கின. அந்த ஆண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், கிறித்தவ, முஸ்லிம் தலைவர்களோடு கலந்து புதிய அடக்க நெறிமுறையை வகுத்தது. உடலைத் தொடாமல் உலர்முறையில் தூய்மைச் சடங்கு, கஃபன் துணி, மதகுருவின் பிரார்த்தனை, தூரத்தில் நின்று பார்க்கக் குடும்பத்துக்கு அனுமதி. கிருமியைப் பற்றிய அறிவு முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்தது. பிணம் வெளியே வந்தது இமாமும் பாதிரியாரும் வாய் திறந்த பிறகு.

மதம் இல்லாத அரசு அமைந்தால் அறிவியல் சுதந்திரமாக இருக்குமா?

சோவியத் ஒன்றியம் நாத்திகத்தை அரசுக் கொள்கையாகவே வைத்திருந்தது. அங்கேதான் லைசென்கோ என்ற வேளாண் ஆய்வாளர் ஸ்டாலினின் ஆதரவோடு 1948-இல் மரபியலையே தடைசெய்ய வைத்தார். உலகெங்கும் அலைந்து விதைகளைச் சேகரித்த மரபியலாளர் நிக்கோலாய் வாவிலோவ் அதற்கு முன்பே, 1940-இல் கைதாகி, 1943-இல் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார். துறவி மெண்டலின் விதிகளைக் கற்பிப்பது அங்கே பிற்போக்குத்தனம் என்று பழிக்கப்பட்டது.

மூளையைப் படம் பிடித்துப் பக்தி அனுபவம் வெறும் நரம்பு விளையாட்டு என்று காட்டிவிட்டார்களாமே?

தியானத்தின்போதும் பிரார்த்தனையின்போதும் மூளையின் செயல்பாடு மாறுவது உண்மை. கணக்குப் போடும்போதும் மாறுகிறது. அதனால் எண்கள் பொய் என்று யாரும் சொல்வதில்லை. இந்தப் படங்கள் கடவுளை நிறுவவும் இல்லை, நீக்கவும் இல்லை.

குழந்தைகளுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது?

அறிவியல் வகுப்பில் அறிவியல். மதங்களைப் பற்றி வரலாற்று வகுப்பில், ஒன்றை மட்டும் சொல்லாமல் பலவற்றையும். வீட்டில் பெற்றோரின் நம்பிக்கையைச் சொல்லித் தருவது அவர்கள் உரிமை. பிள்ளை இரண்டுக்கும் இடையில் முரண்பாடு கண்டு கேள்வி கேட்டால், அதட்டாமல் உட்கார்ந்து பேசுங்கள். தெரியாதென்றால் தெரியாது என்று சொல்லலாம். பிள்ளையின் பார்வையில் உங்கள் மதிப்பு குறைந்துவிடாது.

அறிவியல் வளர்ந்தால் மதம் மறைந்துவிடுமா?

அப்படி எதிர்பார்த்தவர்கள் பலர். இருபத்தோராம் நூற்றாண்டில் மத நம்பிக்கையாளர்கள் சிறு சிறு குழுக்களாக ஒடுங்கியிருப்பார்கள் என்று சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் 1968-இல் சொன்னார். உலகம் முன்னெப்போதையும்போல மதப்பற்றோடுதான் இருக்கிறது என்று 1999-இல் அவரே எழுதினார்.

சில நாடுகளில் பிடிப்பு தளர்வதும் உண்மை. அமெரிக்காவில் ஏதேனும் ஒரு வழிபாட்டுத் தலத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் 2020-இல் 47 சதவீதமாகக் குறைந்ததாக கேலப் நிறுவனம் கண்டது. எண்பது ஆண்டுக் கணக்கெடுப்பில் பாதிக்குக் கீழே போனது அதுவே முதல்முறை. ஆனால் வழிபாட்டை விடுபவர்களில் பெரும்பாலோர் இயற்பியல் படித்து மனம் மாறி விடுவதாக எனக்குத் தோன்றவில்லை. நோயும் பசியும் அடுத்த நாளைப் பற்றிய அச்சமும் குறைந்த சமூகங்களில் மதப்பற்று தளர்கிறது என்பது பிப்பா நாரிஸும் ரொனால்டு இங்கிள்ஹார்ட்டும் 2004-இல் தந்த விளக்கம். செல்வம் கொழித்தும் பக்தி குறையாத நாடாக அமெரிக்கா அந்த விளக்கத்துக்கு நெடுங்காலம் இடறலாக இருந்தது. இந்த நூற்றாண்டில் அங்கேயும் எண்கள் இறங்கியிருக்கின்றன.